ஒழுக்கும் ஒழுக்கமும்

பழைய கார் ஒன்றை விற்பவன், வாங்க வந்தவன் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனா? இதை ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுப்புவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கக்கூடும். விடுதலை, தேசியம், அடையாளம் என்று எழுத எவ்வளவோ கிடக்க, இவர்கள் கார் எஞ்சினுக்குக் கீழே படுத்துக் கிடக்கிறார்களே என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் வாசகர்களில் முதற் காரைப் புதிதாக வாங்கியவர்கள் எத்தனை பேர்? அநேகமாக ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் மறைத்த ஒரு பழுதுடன்தான் அந்நிய நாட்டில் ஓடத் தொடங்கியிருப்பார்கள். மறைத்தவர் பல இடங்களில் நம்மவராகவும் இருந்திருப்பார்.

நாங்கள் சார்ஜாவில் ஓர் அறையில் நாலு பேர் இருக்கிறோம். மூன்று பேருக்கு ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை. நாலாவது தம்பி கைத்தொழிற் பகுதியில் ஒரு கராச்சில் நிற்கிறான். அகதி என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஆகவே கடதாசியில் நாங்கள் அகதிகள் அல்லர், தொழிலாளர். ஓடி வந்த காரணத்தை இங்கே ஒருவரும் கேட்பதுமில்லை, நாங்கள் சொல்வதுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2008இல் முதலாம் வருடத்தோடு நின்றுபோன மெய்யியற் படிப்பு ஒன்றும் எங்கள் அறையில் கிடக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது அதுதான் வாய் திறக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். எஞ்சின் ஒயில் ஒழுகுவது ஒரே வியாதியல்ல. வால்வு மூடியின் காஸ்கெட் காய்ந்து வெடித்தால் ஒயில் எஞ்சினின் பக்கத்தால் வடியும். சூடான புகைக்குழாயில் அது விழுந்தால் கருகிய மணம் வரும், சில வேளை தீயும் பிடிக்கும். வடிகட்டியைச் சரியாகப் பூட்டாவிட்டாலும், அடித்தட்டின் ஆணிக்குப் பழைய வொஷரையே திரும்பப் போட்டாலும் ஒழுகும். இவையெல்லாம் ஒரு மணித்தியால வேலை. பெரிய செலவு வைப்பது பின் மெயின் சீல். எஞ்சினும் கியர்பொக்சும் சேருமிடத்தில், கிராங் ஷாப்ற் வெளியே வரும் வாயிலைச் சுற்றி இருக்கும் ஒரு வளையம் அது. வளையத்தின் விலை பெரிதல்ல. ஆனால் அதைத் தொடுவதற்கு கியர்பொக்சைக் கழற்றி இறக்க வேண்டும், கிளச்சைக் கழற்ற வேண்டும், பறக்கும் சில்லைக் கழற்ற வேண்டும். கூலிதான் விலை. பின்னர் எழும் ஒழுக்கப் பிரச்சினை முழுவதும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறக்கிறது. பழுதைத் திருத்த ஆயிரக் கணக்கில் வேண்டும். பழுதை மறைக்க ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் கிரீஸ் நீக்கியும் போதும்.

வளைகுடாவின் வெக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி ஆவணியில் 45 பாகைக்கு மேல் போகும். எஞ்சின் அறைக்குள் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக் கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் றப்பர் இறுகி விறகாகிவிடும். விளையாட்டுக் கார்களின் நிலை இன்னும் மோசம். தாழ்ந்த உடம்பு, நெருக்கமாக அடைக்கப்பட்ட பெரிய எஞ்சின், வெள்ளி இரவுகளில் நெடுஞ்சாலையில் விரட்டு, மிச்ச ஆறு நாளும் அடித்தளத்தில் நிறுத்தி வைப்பு. ஓடாமல் நின்றாலும் சீல் காயும். ஓட்டுபவர் மூன்று வருடத்தில் நாடு மாறுபவர். ஊர் திரும்புகிறவன் கையில் கிடைத்ததற்கு விற்றுவிட்டுப் போவான். விற்க நேரமில்லாதவன் விட்டுவிட்டே போவான். 2008, 2009 பொருளாதாரச் சரிவின்போது டுபாய் விமான நிலையத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த கார்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மொழி இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. ஒழுகு என்ற ஒரே வினையடியிலிருந்துதான் கூரையின் ஒழுக்கும் வருகிறது, மனிதனின் ஒழுக்கமும் வருகிறது. இடைவிடாமல் ஒரு வழியே செல்வது ஒழுகுதல். நல்ல வழியே சென்றால் ஒழுக்கம், ஓட்டை வழியே சென்றால் ஒழுக்கு. சொல்லாராய்ச்சியால் ஒரு நீதியும் நிறுவப்படுவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கராச்சில் நிற்கும் தம்பி இதைக் கேட்டுவிட்டு ஒரு கிழமை சிரித்தான்.

அவனுடைய கராச்சிற்கு வந்த கார்தான் எங்கள் அறையை இரண்டாக்கியது. இரண்டு கதவு, பத்து வயது, ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரருடையது. பின் மெயின் சீல் ஒழுகியது. திருத்தக் கூலியும் சாமானும் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூறு திர்ஹம் என்று கணக்குச் சொன்னதும், அவர் வேண்டாம் என்றார். கராச் முதலாளி தம்பியைக் கூப்பிட்டுக் கீழே நன்றாகக் கழுவிவிடச் சொன்னார். வருடாந்தப் பரிசோதனையை இங்கே எல்லோரும் பாசிங் என்பார்கள். பாசிங்கிற்குப் போகுமுன் கழுவுவது வழக்கம். ஒயில் வடிவது தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். பாசிங் முடிந்தால்தான் முல்க்கியா புது ஆளின் பெயருக்கு மாறும். தம்பி கழுவினான். இதுவரை அவன் செய்தது அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை.

வாங்க வந்தவன் எங்கள் உணவகத்தில் பின்னேரங்களில் கொத்துரொட்டி சாப்பிடும் மட்டக்களப்புப் பையன். ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். வேலை மாறியபோது பழைய இடத்தில் கிராஜுவிட்டி கிடைத்திருந்தது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது இங்குள்ள கணக்கு. ஐந்து வருடம் வெக்கையில் நின்றால் மூன்றரை மாதச் சம்பளம் கையில் வரும். அதோடு கொஞ்சம் கடனும் சேர்த்திருந்தான். பழைய விளையாட்டுக் காரில் அதைப் போடுவது புத்தியா என்று கேட்கலாம். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, அனுப்ப ஒருவருமில்லை, சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை. அதற்கு மேல் நாங்கள் விசாரிக்கவில்லை.

அவன் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியிடமும் கேட்கவில்லை. கார் பாசிங் முடித்துவிட்டது என்ற கடதாசியைப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், பளபளவென்று இருந்தது. அடுத்த நாள் காசு கொடுப்பதாகப் பேச்சு. அன்றிரவு தம்பி அறைக்கு வந்து சாப்பிடாமல் இருந்தான்.

"அண்ணை, வாயால ஒண்டும் சொல்லேலாது. முதலாளி அறிஞ்சா என்ர விசா போச்சு. சொல்லாம விட்டா அவன்ர முகத்தில முழிக்கேலாது."

எங்களில் ஒருவர், கிளிநொச்சிக்காரர், உடனே சொன்னார்: கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்? பழைய கார் என்று தெரிந்துதானே வாங்குகிறான்? இங்கே எவன் எங்களுக்குச் சொன்னான்? ஏஜென்சிக்காரன் சொன்னானா, அறையில் எட்டுப் பேர் இருப்போம் என்று? மற்றவர் மறுத்தார். இரவு இரண்டு மணி வரை பேச்சு. இருவருக்கும் தெரியாது, அவர்கள் பேசிய அதே வாதத்தை இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய இரண்டு கிரேக்கர்கள் பேசி முடித்திருக்கிறார்கள் என்பது.

ரோமனான சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினான். ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு எழுதியது. சீசர் கொலையுண்ட வருடம் அது. அடுத்த வருடம் சிசரோவும் கொலையுண்டான். நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு நேர்மையான வணிகன் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை அவன் கடலில் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக் அறிஞர், சட்டம் கேட்கும் பழுதுகளைச் சொன்னால் போதும், மிச்சத்தைப் பேசாமல் விடுவது மறைப்பதாகாது என்கிறார். அவரிடமே படித்த தார்சுஸ் நகரத்து அந்திபாத்தர் மறுக்கிறார். மனிதர் எல்லோரும் ஒரு சமூகம். ஒருவனுக்குப் பயனுள்ளதை அவனிடமிருந்து ஒளிக்க உனக்கு உரிமையில்லை என்பது அவர் பக்கம். அடுத்து, பழுதுள்ள வீட்டை விற்கும் ஒருவனை வைத்து அதே வாதம் நடக்கிறது. சிசரோ அந்திபாத்தர் பக்கம் சாய்கிறான். அவன் பிரிக்கும் இடம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது எல்லாம் மறைப்பல்ல. உனக்குத் தெரிந்த ஒன்று, மற்றவனுக்கு அது தெரிவது அவனுக்கு நன்மை, உன் இலாபத்துக்காகவே அது அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நீ விரும்புகிறாய் என்றால் அதுதான் மறைப்பு.

அரபு நாட்டில் இருந்துகொண்டு ரோமனிடம் போக வேண்டியதில்லை. முஸ்லிம் தொகுத்த நபிமொழிகளில் சந்தைக் காட்சி ஒன்று இருக்கிறது. முகம்மது நபி ஒரு தானியக் குவியலைக் கடந்து போகையில் கையை உள்ளே விடுகிறார். விரல்கள் ஈரமாகின்றன. மழை பட்டுவிட்டது என்கிறான் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே போட்டிருக்கலாமே, சனம் பார்க்க, என்பது அவருடைய கேள்வி. ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். கராச்சில் தம்பி செய்தது அதற்கு நேர் எதிர். ஈரத்தைத் துடைத்து, காய்ந்ததை மேலே காட்டினான். இஸ்லாமியச் சட்டத்தில் பழுதுள்ள பொருளைத் திருப்பும் வாங்குபவனின் உரிமை அந்தக் குவியலைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 1985இல் எழுதிய சிவில் பரிவர்த்தனைச் சட்டத்திலும் அது வந்தது. மறைந்த பழுதுக்கு வழக்கு வைக்க ஆறு மாதம். ஆனால் விற்றவன் வஞ்சகமாக மறைத்திருந்தால் அந்த ஆறு மாதத்துக்குப் பின்னால் அவன் ஒளிக்க முடியாது என்றது. எங்கள் நாட்டில் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயர் வழக்கை ஒட்டியது. வாங்குபவனே பார்த்துக்கொள் என்பதுதான் அந்த வழக்கின் பழைய குணம். கிளிநொச்சிக்காரருக்கு அந்தக் குணம் எங்கிருந்து ஊறியது என்பது எங்களுக்கு விளங்குகிறது.

சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு மட்டக்களப்புப் பையன், கணக்கெழுதுபவன், அரபு தெரியாதவன், நாட்டை விட்டே போய்விட்ட ஒரு வெள்ளைக்காரர் மேல் சார்ஜா நீதிமன்றத்தில் வழக்கு வைக்கப் போவதில்லை. 

சிசரோவின் அதே பாகத்தில் இன்னொரு கதை உண்டு. கானியுஸ் என்ற ரோமானியப் பிரபு சிராக்கூசில் ஒரு தோட்டம் வாங்கத் தேடுகிறான். பித்தியுஸ் என்ற வட்டிக்கடைக்காரன் அவனைத் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைக்கிறான். அதற்கு முன் ஊர் மீனவரைக் கூப்பிட்டு, நாளைக்கு என் தோட்டத்துக்கு முன்னால் மீன் பிடியுங்கள் என்கிறான். கானியுஸ் வந்தபோது கண்முன்னே தோணிகள், காலடியில் மீன். இங்கேதான் ஊருக்கே மீன் என்கிறான் பித்தியுஸ். ஆசை பிடித்துக் கானியுஸ் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறான். மறுநாள் நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்தால் ஒரு தோணியும் இல்லை. மீனவருக்கு இன்று விடுமுறையோ என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்கிறான். இங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லை, நேற்று என்ன நடந்தது என்று நானே யோசித்தேன் என்கிறான் அவன்.

வஞ்சகத்துக்கு உதாரணமாகச் சிசரோ இதைச் சொல்கிறான். பித்தியுசைத் திட்டுகிறான். கானியுசுக்காகக் கவலைப்படுகிறான். மீனவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்கள் அன்று காலையில் தோணியைத் தள்ளும்போது என்ன நினைத்திருப்பார்கள்? யாரோ ஒரு பிரபுவுக்கு வேடிக்கை காட்டுகிறோம் என்றா? காசு கிடைக்கிறது, கேள்வி எதற்கு என்றா? ஒருவனுக்காவது விருந்தாளியின் காதில் ஒன்று போட்டுவிடலாமா என்று தோன்றியிருக்காதா? தோன்றியிருந்தால், அடுத்த வாரம் பித்தியுஸ் கொடுத்த கடனை எப்படிக் கட்டியிருப்பான்? ஒழுக்கவியல் நூல்கள் விற்பவனையும் வாங்குபவனையும் வைத்தே எழுதப்படுகின்றன. தோணி தள்ளுகிறவன், எஞ்சின் கழுவுகிறவன், பழைய மீனுக்கு எலுமிச்சம்புளி பிழிந்து வைக்கச் சொல்லப்பட்டவன், இவர்களெல்லாம் அந்த நூல்களில் கருவிகள். எங்களுக்கோ அந்தக் கருவியின் இடத்தில் நின்றுதான் நீதியைத் தேட வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு இலாபமில்லை. கார் விற்றாலும் விற்காவிட்டாலும் அவன் சம்பளம் ஒன்றுதான். ஆகவே சிசரோவின் அளவுகோலால் அவனை மறைத்தவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய கை இல்லாமல் மறைப்பு நடக்கவில்லை. முதலாளி தானே கீழே படுத்துக் கழுவியிருக்க மாட்டார். எங்கள் அபிப்பிராயம் இது: உத்தரவுக்குச் செய்தவன் முழுக் கடனாளி அல்லன், ஆனால் தெரிந்துகொண்டவன். தெரிந்தவனுக்கு ஒரு சிறு கடன் விழுகிறது. அந்தக் கடனை எவ்வளவு ஆபத்தில் நின்று கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. விசாவையும், ஊரில் அவன் காசில் சாப்பிடும் ஐந்து வாயையும் பணயம் வைத்துத்தான் கட்ட வேண்டுமென்று, குளிரூட்டிய அறையிலிருந்து எழுதுகிறவர்கள் சொல்லலாம். நாங்கள் சொல்ல மாட்டோம். செலவு குறைந்த வழி ஒன்று இருந்தால் அதைத் தேடாமல் விடுவதற்குத்தான் சாட்டு இல்லை.

தம்பி வழி தேடினான். எங்கள் சமையற்கட்டில் எண்ணெய்ப் போத்தல்கள் வரும் கார்ட்போட் பெட்டியொன்றைப் பிரித்துத் தட்டையாக்கிக் கொண்டு போனான். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தி, இரவு பூட்டும்போது காருக்குக் கீழே விரித்து வைத்தான். யாராவது கேட்டால், தரை ஊத்தையாகாமலிருக்க என்று சொல்லலாம். கழுவிய சீல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் வாய் மூடியிருக்கும். காலையில் பையன் காசோடு வந்தபோது அட்டையின் நடுவில் மூன்று துளி, நாணயக் குற்றி அளவில். தம்பி ஒன்றும் பேசவில்லை. அட்டையை இழுத்து எடுத்து, பையன் நிற்கும் பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

பையன் அட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாங்கினான். மூவாயிரம் திர்ஹம் குறைத்து வாங்கினான். பின்னேரம் கடைக்கு வந்தபோது எங்களுக்குச் சொன்னான்: "ஒழுகினா ஒழுகட்டும் அண்ணன். எவ்வளவு ஒழுகுது எண்டு தெரிஞ்சாக் காணும்."

எங்கள் அறையில் இரண்டு பக்கமும் வாதாடியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. சொல்லாதே என்றவரும், சொன்னால் வாங்க மாட்டான் என்றே நினைத்தார். சொல் என்றவரும் அப்படியே நினைத்தார். பழுதைச் சொல்வது பொருளைக் கொல்வது என்று நாம் எப்படியோ நம்பிவிட்டோம். அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் ஆக்கெர்லோவ் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதுதான். மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது, வாங்குபவன் எல்லாக் காருக்கும் சராசரிக் காரின் விலையைத்தான் கொடுப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்காமல் விலகுவான். கடைசியில் சந்தையில் பழுது மட்டுமே மிஞ்சும். அதில் எங்களைத் தொட்ட இடம் வேறு. இந்தியக் குடும்பப் பெண், வேண்டுமென்றே அரிசியில் கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவும் கொண்ட கல்லைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருப்பதை அவர் குறிப்பிடுகிறார். எங்கள் தாய்மார் சுளகோடு முற்றத்தில் இருந்த நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். யாரோ ஒருவன் சொல்லாமல் விட்டதற்கு இன்னொருத்தி தன் கண்ணாலும் காலத்தாலும் கட்டிய வரி அது.

கண்ணுக்குத் தெரியும் ஒழுக்குத்தான் பெரிய பழுது என்றும் இல்லை. போர்ஷே நிறுவனத்தின் 911 வரிசையில் 1997இல் வந்த 996 என்ற வகை, தண்ணீரால் குளிரூட்டப்பட்ட முதல் 911. அதன் எஞ்சினில் பின் மெயின் சீல் ஒழுகுவது பெயர் பெற்ற குறை. சொந்தக்காரர்கள் கார் நின்ற இடத்துத் துளிகளை எண்ணிக் கவலைப்பட்டார்கள். ஆனால் அந்தச் சீலுக்குப் பக்கத்திலேயே, பறக்கும் சில்லுக்குப் பின்னால், இடைத் தண்டைத் தாங்கும் ஒரு பெயாரிங் இருக்கிறது. அது பழுதாகும்போது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உடைந்தால் எஞ்சினே முடிந்தது. ஒழுகிய சீல் காருக்கு அவமானம். ஒழுகாத பெயாரிங் காருக்கு மரணம். 2001 முதல் 2005 வரையான கார்கள் சிலவற்றைப் பற்றி, இந்தப் பலவீனம் தெரிந்தும் சொல்லப்படவில்லை என்று அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் கூட்டு வழக்கு வைத்தார்கள். 2013இல் அது சமரசத்துக்கு வந்தது. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு. வளைகுடாவின் மணலில் ஓடிய கார்களுக்கு அதில் இடமில்லை. தம்பி சொல்வான், கியர்பொக்ஸ் இறக்கினால் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று. ஒழுக்கைத் திருத்தப் போனவர்கள்தான் ஒழுகாததையும் கண்டு பிழைத்தார்கள்.

இதுவரை எழுதியதைக் கிளிநொச்சிக்காரருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரை ஒரு மாதம் கிடந்தது.

இந்நாட்டில் குடியிருப்பு விசாவுக்கு வைத்தியப் பரிசோதனை உண்டு. இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். வேலை கிடைப்பதும் திரும்பிப் போவதும் அந்தப் படத்தில் தங்கியிருக்கிறது. கிளிநொச்சிக்காரரின் வலது தோளுக்குக் கீழே 2009ஆம் ஆண்டின் ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. புதுமாத்தளனில் ஏறியது. எடுக்க வேண்டாம் என்று வைத்தியர் விட்டது. முதல் முறை படம் எடுத்தவர் அதைக் காட்டி என்ன என்று கேட்டார். சின்ன வயதில் விபத்து என்றார் இவர். வேலை கொடுத்தவருக்கு அதுவும் சொல்லவில்லை. குளிர் அறையிலிருந்து இறைச்சிப் பெட்டிகளைத் தூக்கும் வேலை. குளிரில் அந்தத் தோள் வலிக்கும். அவர் கேட்டார்: "நானும் கழுவின எஞ்சின்தானே? அந்திபாத்தரிட்டக் கேளுங்கோ, நான் சொல்லியிருக்க வேணுமோ எண்டு."

விற்பவன் பழுதைச் சொல்ல வேண்டும் என்ற ரோமானிய விதி எங்கே பிறந்தது என்று பார்த்தால் கேள்வி இன்னும் கூராகிறது. சந்தைகளைக் கண்காணித்த ஈடில் என்ற அதிகாரிகளின் கட்டளையில் அது பிறந்தது. கால்நடைக்கும் அடிமைகளுக்குமான கட்டளை. அடிமையை விற்பவன், அவனுக்கு நோய் உண்டா, பழுது உண்டா என்று சொல்ல வேண்டும். அவன் ஓடிப்போகிறவனா, அலைந்து திரிகிறவனா என்றும் சொல்ல வேண்டும். ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அது இருக்கிறது. ஓடிப்போகும் ஆசை ஒரு பழுது, சில்லில் ஓட்டை இருப்பது போல. இங்கே முதலாளியை விட்டு விலகிய தொழிலாளி மேல் முறைப்பாடு வைக்கும் வழக்கம் உண்டு. சவூதியில் அதை ஹுரூப் என்பார்கள், ஓட்டம் என்றுதான் பொருள். குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்களைத் தொலைபேசி விளம்பரங்களில் விலை போட்டு விற்பதை 2019இல் பிபிசி அரபுச் சேவை வெளிக்கொணர்ந்தது. அடிமை முறை கட்டாரில் 1952இலும் சவூதியில் 1962இலும் ஓமானில் 1970இலும் சட்டப்படி ஒழிந்தது என்பது உண்மை. பழக்கங்கள் சட்டத்தைவிட மெதுவாக ஒழிகின்றன.

நாங்கள் கிளிநொச்சிக்காரருக்குச் சொன்ன பதில் இது. காரின் ஒழுக்கைச் சொல்லாமல் விட்டால் கேடு வாங்கியவனுக்கு. தோளின் இரும்பைச் சொல்லாமல் விட்டால் வலி சொல்லாதவனுக்கே. முதலாளி ஒரு பெட்டியும் குறையப் பெறவில்லை. ஒவ்வொரு பெட்டியும் தூக்கப்பட்டது. கார் தன் பழுதை மறைக்கவில்லை, அதற்கு வாயில்லை, விற்பவன் மறைக்கிறான். உங்கள் உடம்பை விற்பவர் ஒருவருமில்லை, நீங்கள் விற்பது பத்து மணித்தியாலம். இந்த இடத்தில் டயோஜெனிஸ் சொன்னது சரி, பேசாமலிருப்பது மறைப்பல்ல என்றோம். 

அவர் திருப்திப்படவில்லை. இருமலை மறைத்துக்கொண்டு எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு வருபவனுக்கும் இதே பதிலா என்று கேட்டார். இல்லை, அது மற்றவனின் நெஞ்சுக்குப் போகும், அவன் சொல்லத்தான் வேண்டும் என்றோம். சொன்னால் அவனை விமானத்தில் ஏற்றினால்? அப்போதும் சொல்ல வேண்டும், ஆனால் சொல்பவனைத் தண்டிக்கும் விதியை எழுதியவன்தான் அந்த அறையில் இருமலைப் பரப்பியவன் என்றோம். இதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரியென்று ஏற்றாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நல்ல காலம், 2016இல் அமீரகம் காசநோய் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. நெஞ்சில் பழைய தழும்பு இருந்தால் உடனே அனுப்பிவிடாமல் மருந்துக்கும் கண்காணிப்புக்கும் வழி வைத்தார்கள். தளர்த்திய பிறகு ஒளிக்க வேண்டிய தேவையும் அவ்வளவுக்குக் குறைகிறது. பையனுக்கு மூவாயிரம் குறைத்துக் கொடுத்த வெள்ளைக்காரரும் அதைத்தானே செய்தார், விருப்பமில்லாமல் என்றாலும்.

மட்டக்களப்புப் பையன் போன வருடம் அந்தக் காரை விற்றான். சீலை அவன் மாற்றவில்லை. கிழமைக்கொரு முறை ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்ப்பான், குறைந்தால் அரைப் போத்தல் ஊற்றுவான், அவ்வளவுதான். வாங்க வந்தவர் ஒரு மலையாளி. பையன் எங்கள் கடைப் பின்வாசலுக்கு வந்து பெட்டி அட்டை ஒன்று கேட்டான். ஓர் இரவு கீழே விரித்து, ஐந்து துளியோடு அட்டையைச் சுருட்டிச் சாவியோடு சேர்த்துக் கொடுத்தானாம். கிளிநொச்சிக்காரர் அவனை விசரன் என்கிறார். மலையாளி இரண்டாயிரம் குறைத்தார். கார் இப்போது ரஸ் அல் கைமாப் பக்கம் ஓடுவதாகக் கேள்வி.